மூட்டை நிறைய ஸ்பேர் பார்ட்ஸ், பஞ்சர் ஒட்டத் தெரியாது

ஆகஸ்ட் 29-ல் வேளாங்கண்ணிக் கொடியேற்றம். அந்த நாட்களில் வரிச்சிக்குடிப் பக்கம் காவி உடுத்தி நடந்து போகிறவர்களுக்கு நடுவே சைக்கிள்காரர்களும் வருவார்கள். சென்னையிலிருந்து என்றால் கிட்டத்தட்ட 320 கிலோமீட்டர். அதில் சிலர் கேரியரில் ஒரு ஒர்க்‌ஷாப்பையே கட்டிக்கொண்டு மிதிப்பார்கள்... பாவமாக இருக்கும்.

எல்லாம் இணையத்தில் கிடைத்த லிஸ்ட் செய்கிற வேலை. மடக்கு டயர், செயின் துண்டு, ஆறு ஸ்போக்ஸ், பேரிங் குண்டு... எழுதியவர் அடுத்த கடை 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பாலைவன ரோட்டுக்கு எழுதினார். இங்கே சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர் என்று வரிசையாக ஊர்கள். டயர் கிழிந்தால் கடையில் வாங்கலாமே சாமி!

காமர்ஸ் மாணவர்களுக்கு இது புதுசில்லை. காஸ்ட் அக்கவுண்டிங்கில் விஇடி அனாலிசிஸ் என்று ஒன்று வரும். வைட்டல், எசென்ஷியல், டிசையரபிள். பரீட்சையில் எழுதிவிட்டு ஹாலிலேயே விட்டுவிட்டு வருவது நம் மரபு :-) அது கேட்பது பாகத்தின் விலையை இல்லை, அது இல்லாமல் போனால் என்ன நஷ்டம் என்பதை. அதோடு லீட் டைமையும் சேர்த்துப் பார்த்தால் பாதி மூட்டை இறங்கிவிடும்.

28 இஞ்ச் சாதா சைக்கிளா? அட்லஸ் கம்பெனி 2020 ஜூனில் சாகிபாபாத் ஆலையை நிறுத்திவிட்டது. ஆனாலும் அந்த சைக்கிளுக்கு மற்ற கம்பெனி டயர், செயின், காட்டர் பின் எல்லாம் பொருந்தும். அவருக்கு ஒட்டுத் துண்டு, சொல்யூஷன், வால்வு டியூப், பம்ப் போதும். கியர் சைக்கிள் கதை வேறு. பின்பக்க கியரைத் தாங்குகிற சின்ன அலுமினியத் துண்டு, டீரெய்லர் ஹேங்கர், பெரும்பாலும் அந்தந்த ஃப்ரேமுக்கென்றே செய்தது. சைக்கிள் சாய்ந்து விழுந்தால் ஃப்ரேமுக்குப் பதிலாக அது வளையட்டும் என்றே வைத்திருக்கிறார்கள். காரைக்கால் முழுக்க அலைந்தாலும் கிடைப்பது சந்தேகம். ஊசி மாதிரி பிரெஸ்டா வால்வு இருந்தால் பைக் கடைக் காற்றுக்குழாய் அதில் மாட்டாது. விரல் நுனி அளவு பித்தளை அடாப்டர் வேண்டும். ஆறு ஸ்போக்ஸ் கட்டுகிறவர் இந்த ரெண்டையும் வீட்டில் வைத்துவிட்டு வருவார்!

"சைக்கிள் கடையெல்லாம் பைக் பஞ்சர் கடையாயிடுச்சே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதனால்தான் டியூபும் பம்பும் சொந்தமாக இருக்கணும், ஒட்டவும் தெரிஞ்சிருக்கணும். தெரியாதவர் கையில் பத்து டியூப் இருந்தும் பிரயோஜனமில்லை.

இன்னொன்று, இதுதான் முக்கியம். வெயிலுக்குப் பயந்து பல குழுக்கள் ராத்திரியில்தான் மிதிக்கின்றன. பின்னால் வருவது பஸ்ஸும் லாரியும். அந்த நேரத்தில் எந்தக் கடையும் திறந்திருக்காது. செயின் அறுந்தால் ஓரமாக உட்கார்ந்து விடியும்வரை காத்திருக்கலாம், பெரிய நஷ்டமில்லை. பின் லைட் அணைந்ததைக் கவனிக்காமல் மிதித்தால்? விஇடி கணக்கில் முதல் வரியில் வரவேண்டிய வைட்டல் அந்த லைட்டுக்கான மாற்று பேட்டரி. சார்ஜ் போடுகிற லைட் என்றால் இன்னொரு லைட். குழுத் தலைவராகக் கிளம்புகிற அண்ணன்கள் புறப்படும் முன் ஒவ்வொரு சைக்கிளிலும் பார்க்கவேண்டியது இதைத்தான். இடமில்லை என்றால் அந்த ஆறு ஸ்போக்ஸை வெளியே எடுங்கள்.