ஊரே பத்தியம் இருந்தால்...

"ஏனுங்க்கா, சட்னிக்குத் தாளிக்கலீங்களா?"

"சாட்டு சாட்டியாச்சுல்ல கண்ணு! கம்பம் எடுக்கிற வரைக்கும் நம்ம ஊட்ல தாளிப்புக் கிடையாது."

கோவை, ஈரோடு, கரூர்ப் பக்கத்து வாசகிகளுக்கு இந்தப் பேச்சு புதுசில்லை. ஈரோடு பெரிய மாரியம்மன் கோயிலில் பங்குனியில் பூச்சாட்டி, கம்பம் நட்டுவிட்டால் அத்தனை வீட்டுச் சமையலறையும் மாறிவிடும். கறி, மீன் கிடையாது. எண்ணெய்ப் பலகாரம் கிடையாது. சில வீடுகளில் கடுகு வெடிக்கும் சத்தம்கூடக் கேட்காது. விடியற்காலையில் மஞ்சள் தண்ணீர்க் குடமும் வேப்பிலையுமாகப் பெண்கள் கோயிலுக்கு நடப்பார்கள். கிராமங்களில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. சாட்டுக்குப் பிறகு வெளியூரில் ராத்தங்கக் கூடாது!

இதில் பக்தி எவ்வளவு, பழக்கம் எவ்வளவு என்று நான் அளக்கப் போவதில்லை. என்னை யோசிக்க வைத்தது வேறு விஷயம்.

எனக்குச் சர்க்கரை வந்தபோது டாக்டர் ஒரு சாப்பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தார். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தேன். ஒன்பது நாள் தாங்கியது! பத்தாம் நாள் வீட்டுக்காரர் சூடாகப் பஜ்ஜி வாங்கி வந்தார். "ஒண்ணே ஒண்ணு, என்ன ஆயிடப் போகுது?" அவ்வளவுதான், பட்டியல் பறந்தது. அதே நான், அதே வருஷம் சாட்டு நாட்களில் பதினைந்து நாளும் பஜ்ஜியை நினைக்கவே இல்லை. எனக்குத் திடீரென்று மன உறுதி வந்துவிட்டதா? அதெல்லாம் இல்லைங்க. வீட்டில் யாரும் பஜ்ஜி சாப்பிடவில்லை. பக்கத்து வீட்டில் வாசனை வரவில்லை. விருந்தாளிகூட மிக்ஸர் பொட்டலத்தோடு வரவில்லை. எனக்குப் பதிலாக ஊரே பத்தியம் காத்தது.

பதினைந்து நாளுக்குப் பதில், வருஷம் முழுக்க ஒரு ஊர் இப்படிச் சேர்ந்து இருந்தால்? அப்படியும் ஒரு கூட்டம் உண்டு. அமெரிக்காவில் பென்சில்வேனியா, ஓஹையோ பக்கம் வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். கார் வைத்துக்கொள்வதில்லை, குதிரை வண்டிதான். டி.வி. இல்லை. பலருக்கு வீட்டுக்குள் டெலிபோன் இல்லை. வெளியே ஒரு சின்னக் கொட்டகையில் இருக்கும். புதுசாக ஒரு பொருள் வந்தால், 'இது நம் குடும்பத்தைப் பிரிக்குமா, சேர்க்குமா?' என்று சபை கூடி யோசித்துத்தான் ஏற்பார்கள் அல்லது தள்ளுவார்கள்.

இவர்கள் சாப்பாட்டைக் கேட்டால் டாக்டர்கள் மயங்கி விழுவார்கள். கறி, முட்டை, உருளைக்கிழங்கு, கேக்! ஆனாலும் கனடாவின் ஒன்டாரியோவில் ஒரு ஆமிஷ் கூட்டத்தாரின் இடுப்பில் அடி எண்ணும் கருவியைக் கட்டிப் பார்த்தார்கள். 2004-ல் முடிவு வெளிவந்தது. ஆண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 18,425 அடி நடக்கிறார்கள், பெண்கள் 14,196 அடி. உடல் பருமன் உள்ளவர்கள் நூற்றுக்கு நாலே பேர். யாரும் 'வாக்கிங்' போகவில்லை. கார் வேண்டாம் என்ற மதக் கட்டுப்பாடும், வயல் வேலையும் அவர்களை நடக்க வைத்தன.

உடனே, "ஆகா, பழசெல்லாம் நல்லது" என்று கிளம்பிவிடாதீர்கள். 2014-ல் ஓஹையோவில் ஆமிஷ் மக்களிடையே தட்டம்மை பரவி 383 பேர் படுத்தார்கள். பெரும்பாலோர் தடுப்பூசி போடாதவர்கள். நம் கதை மட்டும் என்ன? வேப்பிலை கட்டி, வெளியாள் வராமல், நோயாளியைத் தனியே வைத்த வரைக்கும் நம் பாட்டிகள் செய்தது புத்திசாலித்தனம். ராத்தங்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் நோய் ஊர்விட்டு ஊர் போகாமலிருக்க வந்ததாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஆனால் 'ஆத்தா வந்திருக்கா' என்று ஊசிக்குப் பயந்து ஒளிந்த குடும்பங்களும் இருந்தன. பெரியம்மை ஒழிந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் 1980-ல் அறிவித்தது என்றால், அதற்குக் காரணம் தடுப்பூசிதான்.

ஆகவே எந்தக் கட்டுப்பாடு என்பதில் டாக்டர் சொல்லைக் கேளுங்கள். எப்படிக் காப்பது என்பதில் மாரியம்மன் சாட்டைப் பாருங்கள். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு நம் நாட்டில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை இருக்கிறது என்கிறது. இத்தனை பேருக்கும் தனித்தனியே சீட்டு எழுதிக் கொடுத்து, தனித்தனியே தோற்கவிடுகிறோம். நோயாளிக்குக் களி, மற்றவர்களுக்குப் பூரி என்றால் எந்தப் பத்தியம் நிற்கும்? என்னைக் கேட்டால், டாக்டர்கள் அந்தச் சீட்டைக் குடும்பத் தலைவி கையில் கொடுப்பதோடு நிற்காமல், வீட்டில் அத்தனை பேரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்ட வேண்டும். (மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் விரதமிருக்கும் முன் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை திடீரென்று இறங்குவதும் ஆபத்து.)

கம்பம் எடுத்து, மஞ்சள் நீராட்டும் முடிந்த மறுநாள் எங்கள் தெரு முழுக்கக் கறிக்குழம்பு மணம்தான், எங்கள் வீடும் சேர்த்து! ஆனால் ஒரே ஒரு கட்டுப்பாட்டை மட்டும் நாங்கள் எடுக்கவில்லை. காபி, டீக்குச் சர்க்கரை யாருக்கும் கிடையாது. முதல் வாரம் மாமியார் முகத்தைச் சுளித்தார். போன வாரம் சம்பந்தி வீட்டுக்குப் போய்விட்டு வந்தவர், "என்னம்மிணி, அவுங்க ஊட்டுக் காபி பாயசமாட்ட இருக்குது" என்கிறார்.