சைக்கிள் தொலைந்த தெரு



இத்தாலி நாட்டின் தலைநகரான ரோமைப் பற்றி எழுதுங்கள் என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். பால்மரம் வெட்டி மகளைப் படிக்க வைத்த தாய் அவர். மகள் இப்போது நல்ல வேலையில் இருக்கிறாள். அம்மாவை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போகப் போகிறாளாம். "சினிமாவில் வந்த இடங்களையெல்லாம் பார்க்கலாம் என்கிறாள். அப்படி என்ன இடங்கள் அங்கே இருக்கின்றன, வாத்தியாரய்யா?" என்பது அவருடைய கேள்வி. கொலோசியத்தையும் போப்பாண்டவரின் பேராலயத்தையும் பற்றிச் சொல்ல எத்தனையோ புத்தகங்கள் உண்டு. ஆகவே இந்த மாதம் சினிமா இடங்களையே எடுத்துக்கொள்வோம்.

வெளிநாட்டுப் படப்பிடிப்பு நமக்குப் புதிதல்ல. 1973-இல் வெளிவந்த 'உலகம் சுற்றும் வாலிபன்' படத்தில் ஜப்பானியப் பொருட்காட்சித் திடலை எம்.ஜி.ஆர். சுற்றிவந்ததைப் பார்த்து வாய் பிளந்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தக் காலத்திலிருந்தே வெளிநாடு என்றால் பாட்டுக்கும் பகட்டுக்கும் உரிய இடம் என்று நம் மனத்தில் பதிந்துவிட்டது. ரோமுக்குப் போகிற வெள்ளைக்காரர்களும் இந்த விஷயத்தில் நம்மைப் போலத்தான். அவர்கள் முதலில் தேடிப் போவது ஓர் இளவரசி ஐஸ்கிரீம் தின்ற படிக்கட்டை!

அந்தப் படம் 'ரோமன் ஹாலிடே'. 1953-இல் வெளிவந்தது. அரச கடமைகளில் சலித்துப்போன இளவரசி ஒருத்தி யாருக்கும் தெரியாமல் மாளிகையை விட்டு நழுவி, ஒரு நாள் முழுக்க ரோம் நகரைச் சுற்றுகிறாள். கூடவே வருகிறவன் ஒரு பத்திரிகைக்காரன். ஆட்ரி ஹெப்பர்னும் கிரெகரி பெக்கும் நடித்தார்கள். வில்லியம் வைலர் இயக்கினார். அரங்கம் கட்டிப் படம் பிடிப்பதே வழக்கமாக இருந்த நாளில், ஹாலிவுட்டிலிருந்து கிளம்பி வந்து 1952 கோடையில் ரோம் தெருக்களிலேயே எடுத்தார்கள். அதனால்தான் அந்த இடங்களை இன்றைக்கும் போய்ப் பார்க்க முடிகிறது.

இளவரசி ஐஸ்கிரீம் தின்றது ஸ்பானியப் படிகள் என்னும் இடத்தில். 1720-களில் கட்டிய அழகான கற்படிக்கட்டு. ஆனால் அம்மா, அங்கே போய்க் கால் வலிக்கிறதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள். 2019 முதல் அந்தப் படிகளில் உட்காரத் தடை. உட்கார்ந்தால் 250 யூரோ அபராதம். நம் பணத்துக்கு ஆயிரம் வெள்ளிக்கு மேல். இளவரசி இன்று வந்தால் நின்றுகொண்டேதான் தின்ன வேண்டும்.

இன்னோர் இடம் 'உண்மையின் வாய்'. பழைய மாதா கோவில் ஒன்றின் முகப்பில் ஆளுயரத்துக்கு நிறுத்தியிருக்கும் வட்டமான பளிங்குக்கல். அதில் வாய் திறந்த ஒரு முகம் செதுக்கியிருக்கிறது. பொய் பேசுகிறவன் அந்த வாய்க்குள் கையை விட்டால் கை துண்டாகிவிடும் என்பது அவ்வூர்க் கதை. படத்தில் பெக் கையை உள்ளே விட்டு, வெளியே எடுக்கும்போது சட்டைக் கைக்குள் மறைத்துக்கொள்வார். இப்படிச் செய்யப் போவதை ஹெப்பர்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆகவே அவர் போட்ட கூச்சல் நடிப்பல்ல, நிஜம். இன்று அங்கே நீண்ட வரிசையில் நின்று, ஆளுக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர வேண்டும்.

இந்தப் படத்தின் கதையை எழுதியவர் டால்ட்டன் டிரம்போ. அமெரிக்காவில் பொதுவுடைமைக்காரர்கள் என்று பலரை ஒதுக்கிவைத்த காலம் அது. அவர் பெயரைத் திரையில் போட முடியவில்லை. நண்பர் ஒருவரின் பெயரில் கதை வந்தது. ஆஸ்கார் பரிசும் அந்தப் பெயருக்கே போயிற்று. டிரம்போ 1976-இல் இறந்தார். 1993-இல்தான் பரிசு அவர் பெயருக்கு வந்தது. உழைத்தது ஒருவர், பெயர் வேறொருவருக்கு என்பது தோட்டத்தில் மட்டும் நடக்கிற காரியமல்ல!

அடுத்தது திரேவி நீரூற்று. 1960-இல் வெளிவந்த பெலினியின் 'லா டோல்ச்சே வீட்டா' படத்தில் நடிகை அனிதா எக்பெர்க் நள்ளிரவில் அந்தத் தண்ணீருக்குள் இறங்கி நிற்பார். நாயகனாக நடித்த மார்ச்செல்லோ மஸ்த்ரோயானி 1996-இல் மறைந்தபோது, ரோம் நகரத்தார் நீரூற்றை நிறுத்திக் கறுப்புத் துணி போர்த்தினார்கள். இப்போது இறங்கினால் அபராதம். காசு வீசலாம். அந்தக் காசையெல்லாம் அள்ளி ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்க அறநிலையத்துக்குக் கொடுக்கிறார்கள். ஆண்டுக்குப் பத்து லட்சம் யூரோவுக்கும் மேல் சேர்கிறது.

இவ்வளவோடு பெரும்பாலான பயணிகளின் சினிமாச் சுற்றுலா முடிந்துவிடும். நான் சொல்ல வந்தது இனிமேல்தான்.

நீரூற்றிலிருந்து வடக்கே ஒரு ஐந்து நிமிடம் நடந்தால், ஒரு குன்றின் அடியைக் குடைந்து போகும் பழைய சுரங்கச் சாலை வரும். பக்கத்துத் தெருவின் பெயர் பிரான்செஸ்கோ கிரிஸ்பி. அங்கே எப்போதும் வண்டிகளும் புகையும் இரைச்சலுமாக இருக்கும். யாரும் நின்று படம் எடுத்துக்கொள்வதில்லை. உலகத்திலேயே மிகப் பெரிய படங்களில் ஒன்று என்று பலரும் போற்றும் 'சைக்கிள் திருடர்கள்' படத்தில் சைக்கிள் களவு போனது அந்த இடத்தில்தான். படம் 1948-இல் வந்தது. இயக்கியவர் வித்தோரியோ தெ சிக்கா.

கதை நமக்குச் சொல்லித்தர வேண்டாத கதை. போர் முடிந்து வேலையில்லாமல் ஊரே தவிக்கிறது. அந்தோனியோ என்பவனுக்குச் சுவரில் விளம்பரத்தாள் ஒட்டும் வேலை கிடைக்கிறது. ஆனால் சைக்கிள் உள்ளவனுக்குத்தான் வேலை. அவனுடைய சைக்கிளோ அடகுக்கடையில் கிடக்கிறது. மனைவி மரியா கட்டிலில் விரித்திருந்த துணிகளை உருவுகிறாள். கலியாணச் சீராக வந்த விரிப்புகளையும் சேர்த்து மூட்டை கட்டி அடகு வைத்து, சைக்கிளை மீட்கிறார்கள். அடகுக்கடைக்காரன் அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு உயரமான அடுக்குகளின் மேல் ஏறுகிறான். ஏறிக்கொண்டே இருக்கிறான்! எல்லா அடுக்கிலும் படுக்கைத் துணி மூட்டைகள். ஒரு நகரத்து ஏழைகள் எத்தனை பேர் விரிப்பில்லாமல் படுத்திருக்கிறார்கள் என்பதை அந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது. தாலிக்கொடியை நகரத்துக் கடையில் வைத்துப் பள்ளித் திறப்புச் செலவைச் சமாளித்த குடும்பங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வேலையின் முதல் நாள். ஏணியில் ஏறி நடிகை ரீட்டா ஹேவொர்த்தின் விளம்பரத்தாளை ஒட்டிக்கொண்டிருக்கும்போது, சுவரில் சாத்திவைத்த சைக்கிளை ஒருவன் எடுத்துக்கொண்டு பறக்கிறான். அந்தோனியோ துரத்திக்கொண்டு சுரங்கத்துக்குள் ஓடுகிறான். கிடைக்கவில்லை. எங்கள் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். ஒரு பையன் எழுந்து, "ஏன் ஐயா, அவர் பூட்டுப் போட மாட்டாரா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. பின்வரிசைப் பெண் ஒருத்தி, "பூட்டு வாங்கக் காசு வேணுமே" என்றாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

இப்படி ஒரு படத்தை அரங்கம் கட்டாமல் தெருவிலேயே எடுத்ததற்குக் காரணம் உண்டு. ரோமில் சினேச்சித்தா என்ற பெரிய படப்பிடிப்பு வளாகம் 1937-இல் திறக்கப்பட்டது. நீங்கள் பார்த்திருக்கக்கூடிய 'பென்ஹர்' படத்தின் தேர்ப் பந்தயம் பின்னாளில் அங்கேதான் எடுக்கப்பட்டது. போர் முடிந்த ஆண்டுகளில் அந்த வளாகம் வீடிழந்தவர்கள் தங்கும் அகதி முகாமாகிவிட்டது. படம் எடுக்கும் கூடங்களில் தட்டி மறைத்துக் குடும்பங்கள் குடியிருந்தன. ஆகவே இயக்குநர்கள் தெருவுக்கு வந்தார்கள். வந்த இடத்தில் தெருவின் கதையையே எடுத்தார்கள். சினேச்சித்தாவுக்கு இப்போது மெட்ரோ ரயிலில் போகலாம்; பார்வையாளரை அனுமதிக்கிறார்கள்.

முதலில் வந்தவர் ரொசெல்லினி. ரோம் 1943 செப்டம்பர் முதல் 1944 ஜூன் வரை ஜெர்மானியர் பிடியில் இருந்தது. ஜப்பான்காரன் காலத்துக் கதைகளைப் பாட்டி சொல்லக் கேட்டவர்களுக்கு அது எப்படிப்பட்ட காலம் என்று தெரியும். 1944 மார்ச்சில் தெரேசா குல்லாச்சே என்ற பெண், பிடித்துச் சென்ற தன் கணவனைப் பார்க்கப் போன இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டாள். ஐந்து பிள்ளைகளின் தாய். அப்போதும் வயிற்றில் ஒரு பிள்ளை. அவளை நினைவில் வைத்தே 1945-இல் 'ரோம், திறந்த நகரம்' படத்தில், கணவனாகப் போகிறவனை ஏற்றிச் செல்லும் லாரியின் பின்னால் அன்னா மக்னானி ஓடி விழும் காட்சியை எடுத்தார்கள். எடுத்த இடம் மொந்தேகுக்கோலி தெரு, தொழிலாளர் குடியிருப்புப் பகுதி. தெரு இன்றும் இருக்கிறது.

சைக்கிளுக்குத் திரும்புவோம். மறுநாள் அந்தோனியோவும் சிறு பையன் புருனோவும் பழைய சாமான் சந்தைகளில் தேடுகிறார்கள். திருட்டுச் சைக்கிளைப் பிரித்து, சக்கரம் ஓரிடம், மணி ஓரிடம் என்று விற்பார்களாம். முதலில் போவது வித்தோரியோ சதுக்கத்துச் சந்தை. பிறகு போர்த்தா போர்த்தேசே. இது ஞாயிறு காலைச் சந்தை, இன்றைக்கும் நடக்கிறது. நம் பசாரில் போலவே விலை பேசலாம், பையைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். வித்தோரியோ சதுக்கத்துச் சந்தை 2001-இல் பக்கத்திலுள்ள கூரை போட்ட கட்டடத்துக்கு மாறிவிட்டது. அங்கே வங்காளதேசத்துக்காரர்களும் சீனர்களும் கடை வைத்திருக்கிறார்கள். மசாலாப் பொருள்களும் கிடைக்கும். வெளிநாட்டுச் சாப்பாடு பிடிக்காமல் தவிக்கும் தாய்மார்கள் இந்த முகவரியைக் குறித்துக்கொள்ளலாம்!

கடைசியில் ஒரு பந்தாட்ட அரங்கம். உள்ளே ஆட்டம் நடக்கிறது. வெளியே நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் வரிசையாக நிற்கின்றன. அந்தோனியோ அவற்றைப் பார்க்கிறான். பையனை டிராமில் போகச் சொல்லிவிட்டு, ஒரு வாசலில் தனியாக நின்ற சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். பிடிபடுகிறான். மகன் பார்க்க ஜனங்கள் அவனை அறைகிறார்கள். சைக்கிளுக்கு உரியவர் அந்தப் பையனின் முகத்தைப் பார்த்துவிட்டு, போகட்டும் என்று விட்டுவிடுகிறார். தகப்பன் அழுகிறான், பையன் அவன் கையைப் பிடித்துக்கொள்கிறான். அந்த அரங்கத்தை இடித்துவிட்டு, 1960 ஒலிம்பிக் போட்டிக்காக அதே இடத்தில் பிளமீனியோ அரங்கத்தைக் கட்டினார்கள்.

அந்தோனியோவாக நடித்தவர் நடிகரல்ல. லம்பெர்த்தோ மஜ்ஜொரானி என்ற தொழிற்சாலைத் தொழிலாளி. ஹாலிவுட் தயாரிப்பாளர் ஒருவர், கேரி கிராண்டைப் போட்டால் பணம் தருகிறேன் என்றார். தெ சிக்கா மறுத்துவிட்டார். கேரி கிராண்டின் கைகள் அடகு மூட்டை தூக்குமா என்று நானும் கேட்பேன். படம் அமெரிக்காவில் சிறப்பு ஆஸ்கார் விருது பெற்றது. 1950-இல் லண்டனில் இதைப் பார்த்த வங்காள இளைஞர் சத்தியஜித் ராய், தாமும் இப்படித்தான் படம் எடுப்பது என்று முடிவு செய்தார். 'பதேர் பாஞ்சாலி' அப்படிப் பிறந்தது.

மஜ்ஜொரானிக்கு என்ன கிடைத்தது? கிடைத்த பணத்தில் வீட்டுக்குச் சாமான் வாங்கினார். மறுபடி தொழிற்சாலைக்குப் போனார். வேலை குறைந்து ஆட்குறைப்பு வந்தபோது, இவர்தான் சினிமாவில் லட்சம் லட்சமாகச் சம்பாதித்திருப்பாரே என்று இவரையே முதலில் அனுப்பினார்கள். படத்தில் வேலை இழந்தவர் படத்தாலேயே வேலை இழந்தார். கொத்து வேலைக்குப் போனார். இடையிடையே சின்னச் சின்ன வேடங்கள் கிடைத்தன. 1983-இல் மறைந்தார். பையனாக நடித்த என்ஸோ ஸ்தாயோலா வளர்ந்து கணக்கு வாத்தியாரானார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. அவர் 2025 ஜூனில் தம் 85-ஆம் வயதில் காலமானார்.

அந்தோனியோ குடும்பம் குடியிருந்ததாகக் காட்டும் வால் மெலாய்னா, நகரின் வடக்கு ஓரத்தில் 1930-களில் ஏழைகளுக்காகக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு. இன்றும் அங்கே ஜனங்கள் குடியிருக்கிறார்கள். 2015-இல் திறந்த ஜோனியோ மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் பக்கம்தான். சீட்டு வாங்க வேண்டியதில்லை, வரிசையும் இல்லை. வாசகித் தாயே, புறப்படுவதற்கு முன் மகளோடு உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்துவிடுங்கள். ஒன்றரை மணி நேரம்தான் ஓடும். ரோமில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் கையில் இருக்கும்படி பயணச்சீட்டு எடுக்கச் சொல்லுங்கள். சந்தை மதியத்துக்கு மேல் கலைந்துவிடும். காலையிலேயே போய்விட வேண்டும்.