ஸ்குரூ டிரைவர் பிடித்தால் கேவலமா?

(மூன்றாமாண்டு மாணவர், கம்ப்யூட்டர் பிரிவு)



இந்த வருடம் நம் கல்லூரிக்கு ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்கு வந்தது. வேலை: சர்வீஸ் இன்ஜினியர். ஆபீஸ் ஆபீஸாகப் போய் கம்ப்யூட்டர், பிரிண்டர் பழுது பார்க்க வேண்டும் என்று சொன்னதும் நம்மில் பாதிப் பேர் மெல்ல நழுவி விட்டோம். "டிப்ளமோ படிச்சிட்டு ஸ்குரூ டிரைவர் பிடிக்கவாடா?" என்று கேன்டீனில் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அது தப்பு என்று இப்போது நினைக்கிறேன். காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

குவிக் ஹீல் என்ற பெயரைக் கேட்காதவர் நம் பிரிவில் இருக்க முடியாது. புனே நகரத்து ஆன்டிவைரஸ் கம்பெனி. 2016 பிப்ரவரியில் பங்குச் சந்தைக்கு வந்தபோது ஒரு பங்கின் விலை 321 ரூபாய். மொத்த வெளியீடு சுமார் 450 கோடி ரூபாய்! இதைத் தொடங்கியவர் ஐ.ஐ.டி.யில் படித்தவரா? அமெரிக்கா போய் வந்தவரா? இரண்டும் இல்லை. கைலாஷ் கட்கர் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ரேடியோ, கால்குலேட்டர் ரிப்பேர் செய்யும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்து தொழில் கற்றவர். பிறகு புனேயில் சொந்தமாகக் கால்குலேட்டர் சர்வீஸ் கடை போட்டார்.

அப்போதுதான் ஆபீஸ்களில் கம்ப்யூட்டர் நுழைந்து கொண்டிருந்தது. கால்குலேட்டரையே நம்பிக்கொண்டு இருந்தால் நாளைக்குப் பிழைப்பு இல்லை என்பது அவருக்குப் புரிந்தது. கம்ப்யூட்டர் ரிப்பேர் கற்றுக்கொண்டார். 1993-ல் கேட் கம்ப்யூட்டர் சர்வீசஸ் என்ற கம்பெனி உருவானது.

கடைக்கு வந்த மெஷின்களில் பலவற்றுக்கு ஹார்ட்வேர் கோளாறே இல்லை. வைரஸ்தான் கோளாறு. அன்றைக்கு வைரஸ் பிளாப்பியில்தான் ஊர் சுற்றும். 1991-ல் கண்டுபிடிக்கப்பட்ட மைக்கேலேஞ்சலோ வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள். பிளாப்பியின் பூட் செக்டரில் ஒளிந்திருக்கும். அந்த பிளாப்பியை உள்ளே வைத்து பூட் செய்தால் ஹார்ட் டிஸ்கில் ஏறிக்கொள்ளும். வருடம் பூராவும் சாதுவாக இருந்துவிட்டு, மார்ச் 6-ம் தேதி மெஷினைப் போட்டால் டிஸ்கில் உள்ளதை அழித்துவிடும்!

கைலாஷின் தம்பி சஞ்சய் அப்போது கம்ப்யூட்டர் படித்துக் கொண்டிருந்தார். கடைக்கு வரும் மெஷின்களில் இருந்து வைரஸை நீக்கச் சின்னச் சின்ன புரோகிராம்கள் எழுத ஆரம்பித்தார். அவை சேர்ந்து 1995-ல் குவிக் ஹீல் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தன.

நான் சொல்ல வந்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஒரு மெஷினை ரிப்பேர் செய்தால் ஒரு தடவை கூலி. நாளைக்கு அதே கோளாறு வேறொரு மெஷினில் வரும், மறுபடி முதலில் இருந்து வேலை. அந்த ரிப்பேரையே புரோகிராமாக எழுதிவிட்டால் ஆயிரம் மெஷினுக்கும் அது போதும். ஆனால் எந்தக் கோளாறுக்கு எழுதுவது? அதைப் பாடப்புத்தகம் சொல்லாது, ரிப்பேர் மேசைதான் சொல்லும். அண்ணனுக்கு நோய் தெரிந்தது, தம்பிக்கு மருந்து செய்யத் தெரிந்தது. இரண்டும் ஒரே கடையில் சேர்ந்ததால் கம்பெனி வளர்ந்தது.

வளர்ச்சியும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதல் மென்பொருள் வந்து 15 வருடம் கழித்து, 2010-ல்தான் சிக்வோயா கேப்பிடல் 60 கோடி ரூபாய் முதலீடு செய்தது. கம்பெனிகளின் நெட்வொர்க்கைக் காக்கும் மென்பொருள்களுக்கு சீக்ரைட் என்ற பெயர் வந்தது 2015-ல்.

எல்லாம் ஏறுமுகம்தானா என்றால், அதுவும் இல்லை. பங்குச் சந்தைக்கு வந்த முதல் நாளே விலை 321-க்குக் கீழே இறங்கிவிட்டது. 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது மைக்ரோசாப்ட் தன் ஆன்டிவைரஸை இலவசமாகச் சேர்த்தே கொடுத்தது. சும்மா கிடைப்பதை வீட்டுக்காரர் ஏன் காசு கொடுத்து வாங்குவார்? கால்குலேட்டர் காலத்தில் கைலாஷ் பார்த்த அதே பிரச்சினை, வேறு வேஷத்தில் வந்தது. பிழைக்கிற வழியும் அதேதான்: அடுத்த வேலையைக் கற்றுக்கொள்வது.

சிலர் உடனே, "பத்தாவது படிச்சவரே ஜெயிச்சாரே, அப்புறம் படிப்பு எதுக்கு?" என்று கேட்பார்கள். அவர்களுக்கு என் அண்ணனைக் காட்டுகிறேன். அவரும் பத்தாவதோடு நின்றவர்தான். டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் வேலை. வண்டிச் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் என்றால், அது அவர் கட்டிய பீஸ். அவருக்குக் கை இருக்கிறது, அதை எழுதிவைக்கும் படிப்பு கிடைக்கவில்லை. கைலாஷும் தம்பியின் படிப்பு இல்லாமல் குவிக் ஹீலை உண்டாக்கியிருக்க முடியாது. ஆக, படிப்பு வேண்டும். அந்தப் படிப்பு ரிப்பேர் மேசையைக் கேவலமாகப் பார்க்காத படிப்பாக இருக்க வேண்டும். நம் டிப்ளமோவே கையையும் புத்தகத்தையும் சேர்த்து வைக்கத்தானே!

பழுது பார்ப்பது சின்ன வேலை என்பவர்களுக்கு இன்னொரு சங்கதி. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற வைரஸ் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே திண்டாடின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதைப் போடாமல் விட்ட மெஷின்கள்தான் மாட்டிக்கொண்டன. சரியான நேரத்தில் ஒருவர் உட்கார்ந்து அப்டேட் போட்டிருந்தால் போதும்.

கடைசியாக நம் மாணவர் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் லேபில் ஏதாவது மெஷின் படுத்துவிட்டால் "நாட் ஒர்க்கிங்" என்று சீட்டு ஒட்டிவிட்டு அடுத்த மெஷினுக்குப் போய்விடுகிறோம். சாரிடம் அனுமதி வாங்கி, சனிக்கிழமை மாலையில் இரண்டு மணி நேரம் நாமே பிரித்துப் பார்ப்போம். என்ன கோளாறு, எப்படிச் சரியானது என்று ஒரு நோட்டில் எழுதி வைப்போம். ஒரே கோளாறு மூன்றாம் முறை வந்தால் அதற்கு ஒரு சின்ன புரோகிராம் எழுதப் பார்ப்போம்.

அடுத்த வருடமும் சர்வீஸ் இன்ஜினியர் வேலைக்குக் கம்பெனி வரும். ஜூனியர் தம்பி தங்கைகளே, எங்களை மாதிரி நழுவி விடாதீர்கள். உள்ளே போய் உட்காருங்கள்!