கோடை முகாம்: முதலில் கேட்க வேண்டியது நேரம்

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் சிங்கம்புணரி வட்டாரப் பெற்றோர் பலர் தம் பிள்ளைகளைச் சிலம்பம், கராத்தே, கபடி எனக் கோடை முகாம்களில் சேர்க்க விரும்புகின்றனர். கைப்பேசியிலிருந்து பிள்ளையை மீட்க இது நல்ல வழி என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் கட்டணம் எவ்வளவு, பயிற்சியாளர் யார் என்று விசாரிக்கும் நாம், பயிற்சி எந்த நேரத்தில், எத்தகைய இடத்தில் என்று பெரும்பாலும் கேட்பதில்லை. குழந்தை மருத்துவர் என்ற முறையில், முதலில் அதையே கேளுங்கள் என்பேன்.

தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் தேவைதான். ஆயினும் பதினொரு மணி வெயிலில் மைதானத்தைச் சுற்றி ஓடும் பிள்ளையை அவை மட்டும் காப்பாற்றிவிடா. ஓடும்போது தசைகளே வெப்பத்தை உண்டாக்குகின்றன. சுற்றியுள்ள காற்று உடலைவிடச் சூடாக இருக்கையில், அவ்வெப்பம் வெளியேற வியர்வை ஆவியாவது ஒன்றே வழி. காற்றோட்டமில்லாத தகரக் கொட்டகையில் தடித்த உடையுடன் பயிலும் பிள்ளைக்கு அவ்வழியும் அடைபடுகிறது. ‘நிழலில்தானே இருக்கிறான்’ என்று ஆறுதல் கொள்வதற்கில்லை.

சிறுவர் உடல் பெரியவர் உடலைப் போல வெப்பத்தைத் தாங்காது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2011இல் இக்கருத்தைத் திருத்தியது. அளவுமீறிய உழைப்பு, போதாத ஓய்வு, நீர்க்குறைவு, பொருந்தாத உடை ஆகியவையே முதன்மையான ஆபத்துகள் என்றது. இவற்றுள் பெரும்பாலானவை முகாம் நடத்துவோர் கையில் உள்ளவை. எனவே முதற்பொறுப்பும் அவர்களுடையதே.

2023இல் வெயிலின் கடுமையால் தமிழகப் பள்ளிகளின் திறப்பு ஜூன் 1இலிருந்து இருமுறை தள்ளிவைக்கப்பட்டது. 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்தது. வகுப்பில் அமர்ந்து படிப்பதற்கே இத்தனை எச்சரிக்கை என்றால், கத்திரி வெயிலில் ஓடியாடும் பயிற்சிக்கு எவ்வளவு வேண்டும்? நண்பகல் 12 முதல் 3 வரை வெளியே செல்ல வேண்டாம் என்பது பொதுவான அறிவுரை. ஓடும் பிள்ளைகளுக்கு அது போதாது. காலை 9 மணிக்குள் முடித்து, மாலை 4.30க்குப் பிறகு தொடங்கும் முகாமையே நான் பரிந்துரைப்பேன். இடைப்பட்ட பொழுதுக்கு ஓவியமும் சதுரங்கமும் இருக்கின்றன.

விளையாட்டின் வேகத்தில் பிள்ளைக்குத் தாகம் தெரியாது; தெரிந்தாலும் ஆட்டத்தை விட்டு வராது. இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை பயிற்சியாளரே நிறுத்தி, எல்லோரையும் குடிக்கச் செய்ய வேண்டும். வெயிலுக்கு உடல் பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும் என்பதால், முதல் வாரப் பயிற்சி இலகுவாக இருக்கட்டும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால், கட்டணம் வீணாகிறதே என்று அனுப்பாதீர்கள். நீர்மோரும் உப்பிட்ட எலுமிச்சைச் சாறும் நல்லவை. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் அச்சிட்டுள்ள அளவு நீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். என்ற பெயர் தாங்கி விற்கப்பட்ட இனிப்புப் பானங்கள் வேறு. அப்பெயரை அவை பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2025இல் உத்தரவிட்டது.

தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் தோன்றினால் உடனே நிறுத்தி, நிழலில் படுக்கவைத்து நீர் கொடுங்கள். உடல் கொதிக்க, பிள்ளை பிதற்றினாலோ வலிப்பு வந்தாலோ நினைவு தப்பினாலோ அது ஹீட் ஸ்ட்ரோக். (சில செய்திகளில் ‘வெப்பப் பக்கவாதம்’ என்று எழுதுகிறார்கள்; கைகால் செயலிழக்கும் பக்கவாதத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.) 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் ஆடையைத் தளர்த்தி, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மருத்துவமனைக்கு வரும் வழியிலும் குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள். நினைவற்ற பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பாராசிட்டமால் இந்த வெப்பத்தைத் தணிக்காது.