மழை இல்லாத லீமா

பெரு நாட்டின் தலைநகர் லீமா, பசிபிக் பெருங்கடலின் கரையில் அமைந்துள்ளது. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 12 டிகிரியில் இருப்பதால், அங்கும் சிங்கப்பூரைப் போலவே வெயிலும் மழையும் மிகுந்திருக்கும் என்று எண்ணத் தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறானது. கோடையில் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அரிது. குளிர்காலத்தில் 14 டிகிரிக்குக் கீழே இறங்குவதும் அரிது. இடி முழக்கம்கூட எப்போதாவதுதான் கேட்கும். ஆகவே, லீமாவின் வானிலையை ‘இதமானது’ என்று ஒரே சொல்லில் பலரும் கூறிவிடுகின்றனர். அந்தச் சொல் பாதி உண்மையையே சொல்கிறது.

இந்த இதத்திற்குக் காரணம் கடல். தெற்கிலிருந்து வரும் ஹம்போல்ட் நீரோட்டம் குளிர்ந்த நீரைக் கரையோரமாகக் கொண்டுவருகிறது. அதன்மேல் வீசும் காற்றும் குளிர்கிறது. மேலே இருக்கும் வெப்பமான காற்று, பானைக்கு மூடி போட்டதுபோல் அதை அமுக்கி வைக்கிறது. மேலெழ முடியாத ஈரம் மழைமேகமாக வளராமல், தாழ்வான சாம்பல் நிற மேகமாகவே தங்கிவிடுகிறது. ஜூன் முதல் அக்டோபர் வரை சூரியன் அரிதாகவே தலைகாட்டும். அந்த வானத்தை நகர மக்கள் ‘கழுதை வயிறு’ என்று அழைப்பார்கள். இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது கடினம்! அவ்வப்போது ‘கரூவா’ எனப்படும் மெல்லிய தூறல் விழும். துவைத்த துணி காயாது. சுவரில் பூஞ்சை பிடிக்கும். ஆனால், குடை பிடிக்கும் அளவுக்கு மழை வராது. ஓராண்டில் பெய்வதையெல்லாம் சேர்த்தாலும் ஓரிரு சென்டிமீட்டர்தான். சிங்கப்பூரில் ஒரே பிற்பகலில் அதைவிட அதிக மழை கொட்டிவிடும்.

ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வாழும் இந்தப் பாலைவன நகரம், ஆண்டிஸ் மலையிலிருந்து இறங்கிவரும் ரீமாக் முதலிய ஆறுகளை நம்பியிருக்கிறது. மலைச்சரிவுகளில் வாழும் ஏழைகள் பலருக்கு இன்னும் குழாய் வசதி இல்லை. அவர்களுக்குத் தண்ணீர் லாரியில் வருகிறது. குழாய்நீரின் விலையைவிடப் பல மடங்கு அதிகம் கொடுத்து அதை வாங்குகிறார்கள்.

சில சரிவுகளில் மக்கள் பெரிய வலைகளை நிறுத்தி, மூடுபனியிலிருந்து நீரைச் சேகரிக்கிறார்கள். வலையில் படியும் துளிகள் ஒன்றுசேர்ந்து வழிந்து தொட்டியை அடைகின்றன. தோட்டத்துக்கும் துணி துவைக்கவும் அந்நீர் பயன்படுகிறது. முயற்சி பாராட்டத்தக்கதே. ஆனால், தண்ணீர்ப் பிரச்சினைக்கு இதுவே தீர்வு என்று பேசுவது சரியன்று. கோடையில் மூடுபனி விலகியதும் வலை காய்ந்து கிடக்கும். சரிவில் வாழ்பவரின் அறிவுத்திறனை மெச்சிவிட்டு, அவர் வீட்டுக்குக் குழாய் போடுவதைத் தள்ளிப்போடுவது எப்படி நியாயமாகும்? மேட்டுக்கு நீரை ஏற்றச் செலவு அதிகம் என்பது உண்மைதான். லாரியும் அதே மேட்டில்தான் ஏறுகிறது. அந்தச் செலவை ஏழைகளே சுமக்கிறார்கள்.

2017ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பெருவின் கரையோரக் கடல் வழக்கத்துக்கு மாறாகச் சூடேறியது. மலைப்பகுதிகளில் கனமழை கொட்டி, ஆறுகளில் சேறு பெருக்கெடுத்தது. நீரைச் சுத்திகரிக்க இயலாமல், லீமாவின் பல வட்டாரங்களில் குழாய்கள் நாள்கணக்கில் வறண்டன. குழாயையே நம்பியிருந்தவர்களும் வாளிகளுடன் வரிசையில் நின்றார்கள். சில நாள்களில் அவர்களுடைய குழாய்களில் நீர் திரும்பியது. சரிவுகளில் இன்றும் பலர் லாரிக்காகக் காத்திருக்கிறார்கள்.