மனம் விட்டுப் பேசலாம்: நட்சத்திரச் சண்டைக் கதையும் நம் வீட்டுப் பெண்ணும்

பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள ஒரு மீனவர் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

அவர் மகளுக்குப் பன்னிரண்டு வயது. சென்னையில் கல்லூரியில் படிக்கும் தாய்மாமன், லீவுக்கு வந்தபோது ஒரு இங்கிலீஷ் நாவலைக் கொண்டுவந்து தினமும் கொஞ்சம் தமிழில் கதையாகச் சொல்லியிருக்கிறான். அவன் திரும்பிப் போன பிறகு, இவள் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தானே எழுத்துக்கூட்டிப் படிக்கிறாளாம். "கொடுங்கோல் ராஜ்யத்தை எதிர்த்து, விண்வெளியில் சின்னச் சின்ன விமானங்களில் போய்ச் சண்டை போடுகிறவர்களின் கதையாம். நடுவில் ஒரு பெண் செத்துப்போகிறாள். அதற்கு இவள் இரண்டு நாள் அழுதாள். ராத்திரி சரியாகத் தூங்குவதில்லை. அவங்க அப்பா கடலுக்குப் போகிற நாளில் கேட்கவே வேண்டாம், விடிய விடிய முழித்திருக்கிறாள். 'பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்தச் சண்டைக் கதை? பிடுங்கி அடுப்பில போடு' என்கிறார் என் மாமியார். நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறார்.

சகோதரி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அடுப்பில் போட வேண்டாம்!

இந்த மாதிரிக் கதைகளுக்கு மேல்நாட்டில் 'ஸ்பேஸ் ஆப்பரா' என்று பெயர். 1941-ல் வில்சன் டக்கர் என்பவர் கேலியாக வைத்த பெயர் இது. அமெரிக்காவில் அந்த நாளில், பகலில் வீட்டுவேலை செய்யும் பெண்களுக்காக ரேடியோவில் தொடர்கதைகள் வரும். சோப்புக் கம்பெனிகள் காசு கொடுத்ததால் அவற்றை 'சோப் ஆப்பரா' என்றார்கள். அந்த இளக்காரத்தையே விண்வெளிக் கதைகளுக்கும் ஒட்டிவிட்டார்கள்! பெண்கள் விரும்பிக் கேட்கும் கதை என்றாலே மட்டம் என்று நினைப்பது எந்த ஊரிலும் உண்டு போலிருக்கிறது. ஆனால் இந்தக் கதைகளைப் பெண்களும் எழுதியிருக்கிறார்கள். 1980-ல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' இரண்டாம் படத்தின் திரைக்கதைக்கு முதல் வரைவு எழுதியவர் லீ பிராக்கெட் என்ற பெண்மணி. படத்தைப் பார்க்க அவர் இல்லை, 1978-லேயே காலமாகிவிட்டார்.

உங்கள் மகள் படிப்பது மைக்கேல் ஸ்டாக்போல் என்பவர் எழுதி 1996-ல் வந்த 'எக்ஸ்-விங்: ரோக் ஸ்குவாட்ரன்'. வெவ்வேறு உலகங்களிலிருந்து வந்த பன்னிரண்டு விமானிகள் ஒரே அணியாகச் சேரும் கதை. அதில் காரன் ஹார்ன் என்று ஒருவன். முன்பு போலீஸ் வேலை பார்த்தவன். விமானம் ஓட்டுவதில் சூரன். ஆனால் தன் கெட்டிக்காரத்தனம் ஒன்றே போதும் என்ற நினைப்பு. பக்கத்தில் பறக்கிறவனைக் காப்பாற்றாமல் எத்தனை எதிரியை வீழ்த்தினாலும் பிரயோசனமில்லை என்பதை அவன் மெல்ல மெல்லத்தான் கற்றுக்கொள்கிறான். இது உங்கள் ஊருக்குப் புதிய பாடமா என்ன? ஏரியில் நல்ல மீன் கிடைக்கும் இடங்களில் யார் என்றைக்கு வலை போடுவது என்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' வழக்கம் அங்கே உண்டல்லவா? கெட்டிக்காரன் ஒருவனே எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகாமலிருக்கப் பெரியவர்கள் கண்ட வழி அது. உங்கள் மாமியாரிடமே இதைப் பற்றிக் கேட்டு, பேத்திக்குச் சொல்லச் சொல்லுங்கள். கதையின் பாதி அதிலேயே விளங்கிவிடும்.

இனி அந்த அழுகை. இறந்துபோகும் விமானியின் பெயர் லூஜேன் ஃபோர்ஜ். சிறைக் கைதிகளுக்குப் பேர்போன ஒரு கிரகத்திலிருந்து வந்தவள். ஊர்ப் பெயரைக் கேட்டதுமே சந்தேகமாகப் பார்க்கிறவர்கள் அங்கேயும் உண்டு. பட்டணத்துக்குப் போனால் 'குப்பத்துப் பொண்ணா?' என்ற பார்வையைச் சந்திக்கும் நம் பெண்ணுக்கு அவளைப் பிடித்துப்போனதில் ஆச்சரியம் என்ன?

இன்னொன்றும் கவனியுங்கள். அப்பா கடலுக்குப் போகிற இரவில்தான் அவள் விடிய விடிய விழித்திருக்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். போனவர் திரும்பி வருவாரா என்ற பயம் புத்தகத்திலிருந்து வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அது அவள் மனதில் முன்பே இருந்திருக்கும். 'அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?' என்று வாய்விட்டுக் கேட்கப் பிள்ளைகளுக்குத் துணிச்சல் வராது. கதையில் வரும் ஒருத்திக்காக அழுவது சுலபம். புத்தகத்தைப் பிடுங்கினால் அழுகை மறையலாம். பயம் உள்ளேயே தங்கிவிடும்.

ஆகவே இப்படிச் செய்து பாருங்கள். மீன் ஆய்கிற நேரத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, "நேற்று எதுவரை படிச்சே? அந்தப் பொண்ணு செத்ததும் மத்தவங்க என்ன செஞ்சாங்க?" என்று கேளுங்கள். உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாவிட்டால் இன்னும் நல்லது; அவள் சொல்லித்தான் ஆகவேண்டும். பேச்சு தானாக அப்பாவிடம் வந்து நிற்கும். அப்போது "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, போ" என்று வாயை அடைக்காதீர்கள். அப்பா கிளம்புமுன் வானிலை எச்சரிக்கை பார்ப்பதையும், லைஃப் ஜாக்கெட் எடுத்துப் போவதையும், பக்கத்துப் படகுகளோடு சேர்ந்து போவதையும் அவளுக்கே காட்டச் சொல்லுங்கள். இதுவரை அந்தப் பழக்கமில்லை என்றால் மகளுக்காகவாவது தொடங்கட்டும்.

தூக்கத்துக்கும் வழி இருக்கிறது. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 9 மணி நேரமாவது உறக்கம் வேண்டும். சண்டையும் சாவும் வரும் அத்தியாயங்களைப் பகலில் படிக்கட்டும். ராத்திரி படுத்துக்கொண்டு மங்கிய வெளிச்சத்தில் படிக்க வேண்டாம். சாயந்திரம் கொஞ்ச நேரம் வெளியே ஓடியாடினால் கண்ணுக்கும் நல்லது, தூக்கமும் வரும். பெரியவளாகும் பருவம் என்பதால் இரும்புச் சத்தையும் கவனியுங்கள். மீனோடு முருங்கைக்கீரையும் எலுமிச்சையும் சேரட்டும். சாப்பிட்டவுடன் டீ வேண்டாம். அது சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது.

மாமியாரின் கேள்விக்கு வருகிறேன். பெண்பிள்ளைக்கு எதற்குச் சண்டை விமானம்? 1977-ல் வந்த முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் போர் விமானம் ஓட்டியவர்கள் எல்லாரும் ஆண்கள்தான். 1996 நாவலில் பெண்களும் சரிசமமாகப் பறக்கிறார்கள். கதையை விடுங்கள். நம் நாட்டு விமானப்படையில் 2016 ஜூன் மாதம் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் என்ற மூன்று பெண்கள் முதன்முதலாகப் போர் விமானிகளாகச் சேர்ந்தார்கள். பிளஸ் டூ முடித்துச் சேரும் தேசியப் பாதுகாப்பு அகாடமியிலும் 2022 முதல் பெண்கள் படிக்கிறார்கள். முதல் அணியில் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்தார்கள். விமானப்படைப் பிரிவுக்குப் பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் அவசியம். கதையில் வராத இந்த விஷயத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பறப்பவர்கள் மட்டும்தான் அணியா? ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2012-ல் போன ரிசாட்-1 செயற்கைக்கோளின் திட்ட இயக்குநர் அரியலூர் வளர்மதி. 2023-ல் சூரியனை ஆராயப் போன ஆதித்யா எல்-1 திட்டத்தை நடத்தியவர் செங்கோட்டை நிகர் ஷாஜி. ராக்கெட் ஏவும் நாளில் உங்கள் ஊர்ப் படகுகள் கடலுக்குப் போகக்கூடாது என்று நிறுத்தப்படுகின்றன. அன்றைய வருமானம் போகிறது. அந்த நஷ்டத்தைச் சுமக்கும் வீட்டுப் பெண், அந்த ராக்கெட்டின் கணக்கைப் படிக்க ஆசைப்படுவது அவள் உரிமைதான்.

அடுத்த முறை ராக்கெட் கிளம்பும்போது குடும்பத்தோடு கரையில் நின்று ஒரு வேலை செய்யுங்கள். வெளிச்சம் தெரிந்ததும் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கி, சத்தம் காதில் விழுந்ததும் நிறுத்துங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்கச் சுமார் 3 நொடி ஆகும். 30 கிலோமீட்டர் என்றால் ஒன்றரை நிமிடம். பிறகு மகளிடம் கேளுங்கள்: காற்றே இல்லாத விண்வெளியில் விமானம் வெடித்தால் சத்தம் கேட்குமா? கேட்காது! சினிமாக்காரர்கள் காதைப் பிளக்க வெடிப்பது சும்மா. கதையை ரசிக்கவும் வேண்டும், அதில் எது நிஜம் என்று விசாரிக்கவும் வேண்டும். இரண்டும் தெரிந்த பெண்ணைப் பற்றி எந்தத் தாயும் கவலைப்பட வேண்டியதில்லை.

இவ்வளவு செய்தும் ஒரு மாதத்துக்கு மேல் தூக்கம் கெட்டிருந்தாலோ, சாப்பாட்டிலும் பள்ளிக்கூடத்திலும் நாட்டம் குறைந்தாலோ, தாமதிக்காமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அதுவரை புத்தகம் அவள் கையிலேயே இருக்கட்டும், சகோதரி.