தேற்றமே உரைகல்: உயர்கணிதக் கலைச்சொல்லாக்கம் குறித்த ஒரு கருத்து

கோவைக்குத் தமிழ்வழி அறிவியலில் தனித்த மரபுண்டு. ஜி. ஆர். தாமோதரனின் ‘கலைக்கதிர்’ இங்கிருந்தே வெளிவந்தது. 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்டப்படிப்பு முன்னோட்டமாகத் தொடங்கப்பெற்றது. எனினும் உயர்கணிதக் கலைச்சொற்கள் இன்றும் பெரும்பாலும் அகரவரிசைப் பட்டியல்களாகவே தொகுக்கப்படுகின்றன. சொல்லைத் தனித்து ஆராயும் இம்முறை போதாது. ஒரு தேற்றம் முழுவதையும் மயக்கமின்றித் தாங்குதலே கலைச்சொல்லின் உரைகல் எனல் வேண்டும்.

சான்றாக, 1956இல் பால் ஹால்மோசு எழுப்பிய வினாவைக் கொள்ளலாம். குலத்தின் பெருக்கல் அமைப்பும் தொடர்ச்சியும் குலையாமல், அதன் உறுப்புகளை அக்குலத்துக்குள்ளேயே இடம் மாற்றுவது தன்னுருவமாற்றம். கச்சிதமல்லாத, ஆயினும் ஒவ்வொரு புள்ளியைச் சூழ்ந்தும் கச்சிதப் பகுதி அமைந்த குலத்தை அம்மாற்றம் பிரிவின்றிக் கலக்கவல்லதா என்பதே வினா. இயலாது என்பது விடை. மெய்யெண் கோட்டில் இரட்டித்தலைக் காண்க: மிகை எண்கள் என்றும் மிகையாகவே நிற்கும், குறை எண்களோடு கலவா. இணைப்புடைய குலங்களுக்கு ஆர். காஃப்மனும் எம். ராஜகோபாலனும் 1966இல் விடை கண்டனர். முற்றிலும் இணைப்பற்றவற்றுக்கு அயோகி 1985இல் நிறுவினார். அடர்ந்த தடங்களுக்கும் கச்சிதத்துக்கும் உள்ள தொடர்பை எஸ். ஜி. தானி 1982இல் ஆராய்ந்தார்.

‘காம்பாக்ட்’ என்பதற்குச் ‘செறிவு’ எனப் பட்டியலில் எழுதினால் குறை தோன்றாது. ஆனால் இவ்வாய்வில் ‘டென்ஸ்’ என்னும் கருத்தும் உடன்வருகிறது. அதற்கும் ‘செறிவு’ எனின், ‘ஒரு புள்ளியின் தடம் செறிந்திருப்பின் குலமும் செறிவுடையது’ என ஆழ்ந்த தேற்றம் வெற்றுரையாகிவிடும். ‘அடர்வு’, ‘கச்சிதம்’ எனப் பிரித்தாலே பொருள் விளங்கும். ‘ஆர்பிட்’ என்பதற்குச் ‘சுற்றுப்பாதை’யும் பொருந்தாது, சுற்றி மீளாத புள்ளிகளும் உள. வழியைக் குறிக்கக் கொங்கு வழக்கில் பயிலும் ‘தடம்’ அவ்விடத்தை இயல்பாக நிரப்புகிறது.

‘குலம்’ என்பது கொங்கு நாட்டில் ‘கூட்டம்’ போன்றே உறவுமுறைச் சொல்லாயிற்றே எனத் தடை எழலாம். பாடநூல்கள் வழி நிலைபெற்ற அச்சொல்லோடு தேற்றத்தினுள் வேறெச்சொல்லும் மோதுவதில்லை. ஆதலின் வழக்குப்பொருள் இடையூறாகாது. தனிநிலையில் ஐயத்துக்குரிய சொல் தேற்றத்தில் நிற்கிறது. குறையற்றதாகத் தோன்றிய சொல் வீழ்கிறது.

ஆகவே தமிழ்த்துறைகளும் கணிதத்துறைகளும் இணைந்து, முன்மொழியும் ஒவ்வொரு சொற்றொகுதியுடனும் ஒரு தேற்றத்தையும் அதன் நிறுவலையும் தமிழில் எழுதி வெளியிடுதல் வேண்டும். நிறுவல் எழுத இயலாத பட்டியல், எத்துணைப் பெரிதாயினும், கணிதத் தமிழ் ஆகாது.